நீங்க என்ன ஆளுங்க?

வீட்டுக்காரன் உரிமையா, குடியிருப்பவன் உரிமையா என்று தராசு பிடிப்பதே வாடகைச் சட்டம் பற்றிய விவாதமாக இருக்கிறது. இரண்டு தட்டிலும் இருப்பவர்கள் வாசப்படியைத் தாண்டியவர்கள். வாசலிலேயே நிறுத்தி, "ஊரு எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறவளை எந்தத் தட்டில் வைப்பது?

1960-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை ஒரு பல்லவி பாடினார்கள். நியாய வாடகை என்று கோர்ட் தலையிடுகிறது, ஒருத்தனைக் குடிவைத்தால் காலி பண்ண வருஷக்கணக்கில் கேஸ் இழுக்கிறது, அதனால்தான் வீட்டைப் பூட்டிப் போடுகிறோம் என்று. முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். காலனியில் ஒத்தை ரூமை வாடகைக்கு விட்டு அந்தக் காசில் மாத்திரை வாங்குகிற எங்க கெழவிக்கும் அந்தப் பயம் உண்டு.

சரி, அந்தச் சட்டம் போயே போச்சு. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை எவ்வளவு என்பது இப்போது இருவரும் பேசி அக்ரிமெண்டில் எழுதிக்கொள்வதுதான். பூட்டு திறந்ததா? யாருக்குத் திறந்தது? "சைவம் மட்டும்" என்று போர்டு தொங்குகிறது. கேட்டால் சாப்பாட்டு விஷயமாம்! புரோக்கருக்கு இந்தப் பாஷை அத்துப்படி. பேரையும் ஊரையும் விசாரித்த மறுநாளே, "ஓனர் வேற ஆளுக்குச் சொல்லிட்டாருங்க" என்பான்.

'என் வீடு, என் இஷ்டம், சட்டம் இதிலெல்லாம் தலையிடலாமா' என்கிறார்கள். தலையிட்டிருக்கிறதே ஐயா! அதே 1960 சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். வீடு காலியானால் ஏழு நாளைக்குள் அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அரசாங்கம் தன் உத்தியோகஸ்தருக்கு வேண்டுமென்றால் அந்த வீட்டைக் கேட்டு வாங்கலாம். ஆபீசருக்காக வீட்டுக்காரன் இஷ்டத்தை ஓரங்கட்டத் தெரிந்த சட்டத்துக்கு, நமக்காக என்றதும் கை வரவில்லை.

நம்மில் ஒருவர் ஆபீசரானாலும் கதை அதுதான். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தான உத்தியோகத்துக்குப் போன பாபாசாகேப், பார்சி விடுதியில் பார்சிப் பெயர் எழுதித்தான் தங்க முடிந்தது. பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். இந்து நண்பரும் கிறிஸ்தவ நண்பரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கைவிட்டார்கள்.

அரசியல் சட்டத்தின் 15(2) கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. சாதி பார்த்து வீடு மறுப்பது குற்றம் என்று பழைய வாடகைச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது, புதுசிலும் கிடையாது. வாடகை அதிகாரியிடம் மனுப் போடவும் முதலில் வாடகைதாரராக இருக்க வேண்டும். வீடே கிடைக்காதவள் என்ன மனுப் போடுவாள்?

2017 சட்டத்தில் அந்த ஒரு வரியை எழுதுங்கள். மறுக்கப்பட்டவளின் மனுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தராசுப் பேச்சுக்கு அப்புறம் வருகிறோம்.