கணக்கை விட்டுக்கொடுக்காதீர்!

தோழரே!

பெரிய முதலியார்சாவடிக் கரையிலே நின்று பார்த்திருக்கிறீரா? வலை உலர்த்திய மணல்வெளி எங்கே என்று முதியவரைக் கேளும். கடலை நோக்கிக் கை நீட்டுவார். கடல் கொண்டது என்பார். கடலா கொண்டது?

இக்கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 1980களின் இறுதியிலே புதுவைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் தேங்கிற்று. வடக்கே வரவு நின்றது, செலவோ நிற்கவில்லை! தேங்கும் மணலை அள்ளி வடகரைக்கு அனுப்பும் ஏற்பாடு திட்டத்திலே இருந்தது, தொடர்ந்து நடக்கவில்லை. புதுவைக் கரையைக் காக்கக் கல் கொட்டினர். அரிப்பு வடக்கே நகர்ந்தது. சின்ன முதலியார்சாவடியும் பொம்மையார்பாளையமும் கரை இழந்தன.

வரவு செலவுக் கணக்குத்தானே இது? அந்தக் கணக்கைப் போட்டவர்களிடையே நம் குப்பத்துப் பிள்ளை எத்தனை பேர்? கரையிலே வாழ்ந்தவர்க்குக் "கல் போடுங்கள்" என்று கெஞ்ச மட்டுமே முடிந்தது. அக்கல்லோ அடுத்த ஊரின் மணலைத் தடுக்கும்!

மரக்காணத்து உப்பளத்திலே, உப்புநீர் போமே அளவில் 25 பாகையை எட்டினால் உப்பு விளையும் என்றறிந்த தொழிலாளியின் மகளும், "கணக்கு நமக்கு வராது" என்கிறாள். யார் சொல்லிக்கொடுத்த பொய் இது!

நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006இலே சட்டம் கண்டோம். அரசுப் பள்ளியில் படித்தவர்க்குத் தொழிற்கல்வியிலே 7.5 விழுக்காடு இடம் 2021இலே சட்டமாயிற்று. ஆனால் பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண்ணிலே 100 கணிதத்துக்குரியது. பதினொன்றாம் வகுப்பிலே கணிதப் பிரிவை விட்டவருக்கு அக்கதவு பெரும்பாலும் திறவாது. பதினைந்து வயதிலே, விண்ணப்பம் நிரப்பும் ஒரு நாளிலே, தீர்ந்துவிடுகிறது வழக்கு!

பொறியியல் படித்தும் வேலையின்றி வாடுவோர் இல்லையா என்பீர். உண்டு, மறுக்கவில்லை. பளபளக்கும் விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கச் சொல்லவில்லை நாம். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலில் அவற்றின் வாயிலைக் காட்டுவோம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் வானூர் வட்டத்துத் தோழர்கள் கொடிக்கம்பத்தடியிலே கூடி நின்றது போதும். வீடு வீடாகச் செல்லுங்கள். "பெண்ணுக்கு எதற்குக் கணக்கு?" என்று தந்தை கேட்டால் எழுந்து வந்துவிடாதீர்கள், திண்ணையிலேயே அமர்ந்து பேசுங்கள். மாலையிலே கணிதம் சொல்லித்தர, படித்த தோழர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.