ஒரே தராசு வேண்டும்

பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் 1740இல் சைலீஷியாவை வலிந்து பறித்தார்; 1772இல் அண்டை அரசுகளுடன் சேர்ந்து போலந்தைக் கூறுபோட்டார். வரலாறோ அவரை 'மகா பிரடெரிக்' என்று போற்றுகிறது. அவர் காலத்தவரான திப்பு சுல்தானை மட்டும் மதவெறியர் என்பது எவ்வகை நீதி? 1791இல் மராட்டியப் படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குப் பொருளுதவி அனுப்பியவர் அவர். அவ்வாண்டே ஓசூர் வீழ்ந்தபோதும், திப்புவின் வீரர்கள் காத்த கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஆங்கிலேயரின் தாக்குதலை முறியடித்தது. 1792 உடன்படிக்கையே அதனைக் கும்பெனியார் கையில் சேர்த்தது.

குடகிலும் மலபாரிலும் அவர் காட்டிய கடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது புகழ்மாலையன்று. இருவரையும் நிறுக்க ஒரே தராசு. அக்கோட்டையின் அடிவாரத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றை நாமே சொல்லாவிட்டால், பிறர் திரித்துச் சொல்வதை எவ்வாறு தடுப்போம்?