இவர்களுக்கு மட்டும் இரவல் கொடியா?

கரவனெல்லைப் பக்கம் இறப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். லக்ரோஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் அந்த விளையாட்டில் நடக்கும் அநியாயத்தைக் கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது.

கோல் நுனியில் வலை கட்டி, அதில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம் அது. வட அமெரிக்காவின் பூர்வகுடிகளான ஹோடினஷோனி மக்களுக்கு அது படைத்தவன் கொடுத்த ஆட்டம், நோய் தீர்க்கும் மருந்து. இன்று 90க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவிவிட்டது. 2023 ஒக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதைச் சேர்த்தது. அதே வருடம் உலகப் போட்டியில் மூன்றாமிடம் பிடித்த ஹோடினஷோனி அணிக்கு மட்டும் கதவடைப்பு! தேசிய ஒலிம்பிக் குழு இல்லையாம். அமெரிக்காவோ கனடாவோ சேர்த்துக்கொண்டால் ஆடலாமாம். அந்த இரண்டு நாடும் பிறக்கும் முன்பே அந்த மண்ணில் வாழ்ந்தவர்களிடம் பேசுகிற பேச்சா இது?

2010இல் மான்செஸ்டர் உலகப் போட்டிக்குச் சொந்தக் கடவுச்சீட்டோடு புறப்பட்டார்கள். பிரித்தானியா விசா மறுத்தது. நியூயோர்க்கில் காத்துக் கிடந்தே போட்டியை இழந்தார்கள்.

கடதாசியைக் காட்டி மனிதரைத் தள்ளும் கொடுமை எங்களுக்குப் புதிதா? அதே பிரித்தானியர் ஆட்சியில்தான் எங்கள் பாட்டன்மார் இந்தியாவிலிருந்து இலங்கையின் இந்த மலைக்கு வந்தார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கு போட்டது. பால் வெட்டிய கைகளிடம், கொழுந்து பறித்த கைகளிடம் சம்மதம் கேட்டவர் யார்? அண்ணன் அக்கரை, தங்கை இக்கரை என்று குடும்பங்கள் பிய்ந்தன. 2003இல் இன்னொரு சட்டம் வரும்வரை எங்களில் எத்தனையோ பேருக்கு எந்த நாடும் சொந்தமில்லை. எந்தக் கொடியின் கீழ் நிற்பது என்று தெரியாமல் செத்தவர்களின் பேரன் கேட்கிறேன். ஒலிம்பிக் குழுவினரே, ஹோடினஷோனி மக்களுக்குச் சொந்தக் கொடி இருக்கிறதே, அதைத் தூக்க விடாமல் தடுக்க நீங்கள் யார்?

2022 உலக விளையாட்டு விழாவிலும் முதலில் இவர்களை ஒதுக்கினார்கள். அயர்லாந்து தன் இடத்தையே விட்டுக்கொடுத்தது. அந்தச் சின்ன நாட்டுக்கு இருந்த மனம் உங்களுக்கு எங்கே போனது? 2016 ரியோவில் அகதிகளுக்கென்று தனி அணி அமைத்தீர்களே, அதற்கு மட்டும் எப்படி வழி பிறந்தது?

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் இவர்களின் மோஹாக் இனத்தவர் லக்ரோஸ் ஆடி வெண்கலம் வென்றார்கள். அந்தப் பதக்கம் கனடாவின் கணக்கில் எழுதப்பட்டது. இரண்டாம் தடவையும் அப்படி எழுத விடாதீர்கள்!