சாவியைக் கொடுக்கும் முன்

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் வாகனம் ஓட்டப் பழகும் முறை குறித்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். எழுதாமல் விட்டதற்குச் சோம்பலே காரணம். கடந்த கார்த்திகை மாதம் எனது வீட்டு வாசலில் நிகழ்ந்த சம்பவம் அந்தச் சோம்பலைப் போக்கிவிட்டது.

நாம் வசிப்பது சுவிற்சர்லாந்தில், பேர்ண் மாநிலத்தின் மலைச்சரிவுக் கிராமம் ஒன்றில். எமது வீதி சரிவானது. பத்தொன்பது வயதான எனது மகள் அன்று பிற்பகல் எனது பழைய காரை எடுத்துச் சென்று திரும்பி வந்து, வீதியோரம் பள்ளத்தை நோக்கியவாறு நிறுத்தினாள். ஹான்ட்பிறேக்கை இழுத்தாள், எஞ்சினை நிறுத்தினாள், பூட்டிவிட்டு உள்ளே வந்து தேநீர் போட்டாள். கால்மணி நேரம் கழிந்திருக்கும். வெளியே பெரும் சத்தம் கேட்டது. ஓடிச் சென்று பார்த்தபோது கார் நிறுத்திய இடத்தில் இல்லை. முப்பது மீற்றர் கீழே, அயலில் வாழும் முதிய சுவிஸ் மாது ஒருவரின் தோட்டச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. எவருக்கும் காயமில்லை. ஆனால் அந்தச் சுவரோரமாகத்தான் பாடசாலைப் பிள்ளைகள் நாள்தோறும் வீடு திரும்புவார்கள். அன்று அவர்கள் கடந்து சென்று பத்து நிமிடங்கூட ஆகியிருக்கவில்லை.

மகள் அழுதபடி சொன்னது இது: "ஹான்ட்பிறேக் இழுத்தனான் தானே அப்பா. கியர் போட்டு விட வேணும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. நான் பழகின காரில 'பி' இருந்தது."

அவள் சொன்னது முழுவதும் உண்மை. இந்நாட்டில் 2019 பெப்ரவரி 1ஆம் திகதி வரை, ஓட்டோமற்றிக் வாகனத்தில் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்தவர் ஓட்டோமற்றிக் வாகனத்தை மட்டுமே ஓட்டலாம். அத்திகதியிலிருந்து அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இன்று ஓட்டோமற்றிக்கில் சித்தியடையும் பிள்ளை, மறுநாளே தகப்பனின் கியர் காரை எடுத்துச் செல்வதைச் சட்டம் தடுக்காது. ஜேர்மனியிலும் 2021 ஏப்ரல் முதல், பாடசாலையில் கியர் வாகனத்தில் பத்துப் பாடங்களும் ஒரு சிறு சோதனையும் முடித்தவர் பரீட்சையை ஓட்டோமற்றிக்கில் கொடுத்துவிட்டு இரண்டையும் ஓட்டலாம். பிரித்தானியாவில் பழைய கட்டுப்பாடு இன்னமும் உள்ளது.

இதைக் கேட்ட நண்பர்கள் சிலர் கோயில் வாசலில் நின்று சட்டத்தைக் குறை கூறினார்கள். வேறு சிலர் பிள்ளைகளைக் குறை கூறினார்கள். "எங்கட காலத்தில்" என்று தொடங்கும் பேச்சு எப்படிப் போகும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். என்னால் இவ்விரு கட்சியிலும் சேர முடியவில்லை. பிள்ளை கிளச்சையும் கியரையும் ஒரு வார இறுதியில் பழகிக்கொள்கிறது. வாகனம் ஓடும்போது அது பிழைவிட்டால் எஞ்சின் இருமும், கார் துள்ளும், பிழை உடனே தெரிந்துவிடும். நிறுத்தும்போது விடும் பிழையோ சத்தமில்லாதது. கால்மணி நேரம் கழித்து, ஆளில்லாத வேளையில்தான் அது வெளிப்படுகிறது. ஆகையால் அதைச் சொல்லிக் கொடுத்தே ஆகவேண்டும். சாவியைக் கொடுத்தவன் நான். சொல்லிக் கொடுக்காதவனும் நானே.

எமக்கே இது முறையாகத் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. எம்மில் பலர் முதன்முதலில் காரைக் கண்டது யாழ்ப்பாணத்தில். அது தட்டையான பூமி. மொறிஸ் மைனரையும் ஏ-40ஐயும் வேலியோரம் நிறுத்தினால் அவை நிறுத்திய இடத்திலேயே நிற்கும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளிவிட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டிய வித்தை எம்மவருக்குத் தெரிந்திருந்தது. சரிவில் நிறுத்தும் வித்தைக்குத் தேவை இருக்கவில்லை. மலைநாட்டில் வாகனம் ஓட்டியவர்களுக்கு அது தெரியும். லொறி நின்ற மறுகணமே கிளீனர் குதித்துச் சில்லுக்குக் கட்டை வைப்பதை அங்கு சென்றவர்கள் பார்த்திருப்பார்கள்.

"ஹான்ட்பிறேக் இழுத்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு விளக்கம் தேவை. எமது பழைய கார்களில் ஹான்ட்பிறேக் என்பது ஓர் உருக்குக் கம்பி வடம். அது பின்சில்லுகளின் பிறேக்கை இறுக்குகிறது. காலப்போக்கில் வடம் நீளும், பிறேக் கட்டைகள் தேயும். முன்னர் நான்கு பற்களில் இறுகியது பின்னர் எட்டுப் பற்களில் இறுகும். இதைவிட வஞ்சகமான காரணம் ஒன்றும் உண்டு. கோடையில் கிறிம்செல் போன்ற கணவாயிலிருந்து இறங்கி வந்து காரை நிறுத்தும்போது பிறேக் தட்டுகள் கொதித்துப்போய் இருக்கும். சூட்டில் விரிந்திருக்கும் தட்டை ஹான்ட்பிறேக் நன்றாகவே பிடிக்கும். நாம் இறங்கிச் சென்றபின் தட்டு ஆறிச் சுருங்கும், பிடி தளரும். நிறுத்தும்போது அசையாமல் நின்ற கார் பத்து நிமிடம் கழித்து உருளத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். எமது கார் கணவாயிலிருந்து வரவில்லைதான், எனினும் எங்கள் ஊருக்கு வரும் வழியில் நீண்ட இறக்கம் ஒன்று உண்டு. கராஜில் பார்த்தவர் வடமும் தளர்ந்திருந்தது என்றார். இவற்றுள் எது உண்மைக் காரணம் என்று தேடுவதில் பயனில்லை. கியர் போட்டிருந்தால் இரண்டுமே ஒன்றும் செய்திருக்கா.

கியர் எப்படிக் காரைப் பிடித்து வைத்திருக்கிறது? கியர் போட்டுக் கிளச்சை விட்டதும் சில்லும் எஞ்சினும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. சில்லு உருள வேண்டுமானால் எஞ்சினையும் சுழற்றியாக வேண்டும். நின்றுபோன எஞ்சினின் உருளைகளுக்குள் அகப்பட்ட காற்றை நெருக்காமல் அது சுழலாது. முதலாம் கியரில் சில்லு ஒருமுறை சுழல எஞ்சின் பத்துத் தடவைக்கு மேல் சுழல வேண்டும். ஐந்தாம் கியரிலோ மூன்று நான்கு சுற்றே. எனவேதான் நிறுத்தும்போது முதலாம் கியர் அல்லது ரிவேர்ஸ் போட வேண்டும் என்கிறார்கள். நான்காம் கியரில் விட்டுச் செல்பவர் கியர் போட்டதாக மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம், அவ்வளவே. முதலாம் கியரும் முழுப் பாதுகாப்பு அன்று. நெருங்கிய காற்று மெல்ல மெல்லக் கசியும், செங்குத்தான சரிவில் கார் சிறிது சிறிதாகத் துள்ளித் துள்ளி நகரலாம். ஆகவே ஹான்ட்பிறேக்கும் வேண்டும், கியரும் வேண்டும்.

ஓட்டோமற்றிக்கில் 'பி'யில் போட்டதும் கியர்ப் பெட்டிக்குள் ஓர் உருக்குப் பல் விழுந்து பூட்டிக்கொள்கிறது. கியர் காரில் அப்படியொரு பூட்டு இல்லை. அங்கு பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். புதிய கார்களில் மேட்டில் புறப்படும்போது பின்னே உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு. அது ஓரிரு வினாடிகளில் விட்டுவிடும். அதை நம்பி இறங்கிவிடக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்.

எந்தக் கியர் என்பதில் எம்மவரிடையே வாதம் ஓயாது. கார் மேட்டை நோக்கி நின்றால் முதலாம் கியர், பள்ளத்தை நோக்கி நின்றால் ரிவேர்ஸ். தவறுதலாக யாராவது சாவியைத் திருகினாலும் கார் மேட்டுப் பக்கமே உந்தும். ஒழுங்குமுறையும் முக்கியமானது. கால்பிறேக்கை அழுத்தியபடியே ஹான்ட்பிறேக்கை இறுக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, காலை மெல்ல எடுத்துப் பார்க்க வேண்டும். கார் அசைந்தால் ஹான்ட்பிறேக் போதவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். அசையாவிட்டால் எஞ்சினை நிறுத்தி, கியரைப் போட்டு, பிறகு கிளச்சை விட வேண்டும். இவ்வாறு செய்தால் காரின் பாரம் பிறேக்கில் தங்கும், கியர் காவலாக மட்டும் நிற்கும். "கியரில் விட்டால் கியர்ப் பெட்டி உடையும்" என்று ஊரிலிருந்து கொண்டுவந்த பயத்துக்கு இங்கு இடமில்லை.

இன்னுமொன்று. கியரில் நிற்கும் காரைக் கிளச் அழுத்தாமல் ஸ்ராட் பண்ணினால் அது முன்னே பாயும். பல புதிய கார்கள் கிளச் அழுத்தாவிட்டால் ஸ்ராட் ஆகா, பழையவை ஆகும். வெளியே நின்றுகொண்டு யன்னலூடாகக் கையை விட்டுச் சாவியைத் திருகும் பழக்கம் உள்ளவர்கள் இன்றோடு அதை விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது முன்சில்லு. இந்நாட்டில் வலப்பக்கம் ஓடுகிறோம், வலப்பக்கமே நிறுத்துகிறோம். பள்ளத்தை நோக்கி நின்றால் சில்லை வலப்பக்கம், அதாவது வீதியோரக் கல்லை நோக்கித் திருப்ப வேண்டும். மேட்டை நோக்கி நின்று, ஓரத்தில் கல்லும் இருந்தால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். கார் பின்னே உருண்டால் சில்லின் பின்பக்கம் கல்லில் முட்டி நிற்கும். ஓரக்கல் இல்லாத வீதியில் எப்பக்கம் நோக்கி நின்றாலும் வலப்பக்கமே, உருண்டாலும் கார் வீதிக்கு வராது. பிரித்தானியாவில் உள்ளவர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சுவிற்சர்லாந்தில் இது விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமும் அன்று. வாகனத்தை விட்டு நீங்குமுன் அதைத் தக்கவாறு பாதுகாக்க வேண்டும் என்று வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 37ஆம் பிரிவு கூறுகிறது. 1962ஆம் ஆண்டின் போக்குவரத்து விதிகளில் 22ஆம் விதி, சரிவில் ஹான்ட்பிறேக்கோடு இரண்டாவது ஏற்பாடு ஒன்றும் வேண்டும் என்கிறது: கியர், அல்லது ஓரத்தில் முட்டும்படி திருப்பிய சில்லு. உருண்ட கார் சேதம் விளைவித்தால், பாரதூரமான கவலையீனம் என்று கருதிக் காப்புறுதி நிறுவனம் ஒரு பகுதிப் பணத்தை எம்மிடம் திருப்பிக் கேட்கவும் கூடும்.

புதிதாக வந்திருப்பவர்கள் இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தை இங்கு மாற்றிக்கொள்ளச் செய்யவேண்டிய சோதனை ஓட்டத்துக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. தவறினால் ஆரம்பத்திலிருந்து எழுத்துப் பரீட்சை, பழகுநர் பத்திரம் என்று அனைத்தையும் தொடங்க வேண்டும், செலவும் சிறிதன்று. பரிசோதகர் சரிவில் நிறுத்தச் சொன்னால் ஊரில் செய்ததுபோல் நியூட்ரலில் விட்டு இறங்கிவிடாதீர்கள்.

நான் விடியற்காலையில் பத்திரிகை விநியோகம் செய்பவன். ஒரு காலைக்கு நூற்றுக்கு மேற்பட்ட தடவை காரை நிறுத்தி இறங்குகிறேன். எஞ்சின் ஓட, நியூட்ரலில், அரைகுறையாக இழுத்த ஹான்ட்பிறேக்கோடு காரை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுபவர்கள் எம்மில் எத்தனை பேர்? நானும் ஓடியிருக்கிறேன். எஞ்சினை நிறுத்தாமல் இறங்குவதே விதிக்கு மாறு. நேரம் போதாது என்பது உண்மை, சம்பளம் காணாது என்பதும் உண்மை. எனினும் இருட்டில் உருளும் காரைப் பின்னால் ஓடிப் பிடிக்க முயல்பவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆயிரத்து இருநூறு கிலோ இரும்பை மனிதத் தோள் தாங்காது. 2016 ஜூன் 19ஆம் திகதி லொஸ் ஏஞ்சலஸ் நகரில் 27 வயதான நடிகர் அன்ரன் யெல்ச்சின், தமது வீட்டுச் சரிவான பாதையில் தமது காரே உருண்டுவந்து வாசற்தூணோடு நெரித்ததில் உயிரிழந்தார். அது ஓட்டோமற்றிக் கார். உருளும் காரை விட்டு விலகிச் சத்தமிடுவது ஒன்றே செய்யத்தக்கது. சுவரைத் திருப்பிக் கட்டலாம்.

கடுங்குளிர்க் காலத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஈரம் புகுந்த வடம் இரவில் உறைந்துவிட்டால் காலையில் ஹான்ட்பிறேக் விடாது. சமதரையில் நிறுத்துபவர்கள் அத்தகைய இரவுகளில் ஹான்ட்பிறேக்கை இழுக்காமல் கியரில் மட்டும் விட்டு, சில்லுக்கு ஒரு கட்டையும் வைக்கலாம். சரிவில் இது பொருந்தாது.

அயல் வீட்டு மாதிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது, சுவரைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பெண்பிள்ளை பயந்துவிட்டாளா என்று கேட்டார். திருத்த வேலையை வசந்த காலத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

மறு சனிக்கிழமை மகளை அதே சரிவுக்கு அழைத்துச் சென்று, மேலே சொன்ன யாவற்றையும் பத்துத் தடவை செய்வித்தேன். ஆறாவது தடவையில் எனது திருத்தம் அவளுக்குத் தேவைப்படவில்லை. பத்தாவது தடவை முடித்துச் சாவியை என்னிடம் நீட்டியபோது, "போன ஞாயிறு கோயிலடியில நீங்கள் விட்ட காரை நான் எடுக்கேக்க நியூட்ரல்ல தானே நிண்டது, அப்பா?" என்று கேட்டாள். அந்த இடம் சமதரை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரித்தாளே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.