முதலில் கூரை, அப்புறம் தரை... கம்பளி கடைசியில் வாங்கலாம்!

தஞ்சாவூரில் குளிர்காலமா? ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மார்கழி விடியற்காலையில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் ஒரத்தநாட்டிலோ திருத்துறைப்பூண்டியிலோ, ஓட்டு வீட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கும் ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். எலும்புக்குள்ளே குளிர் இறங்குகிறது என்றுதான் சொல்வார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். டெல்டாவில் குளிர் வருவது ஈரத்தின் வழியாக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவமழைதான் இந்தப் பகுதிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொடுக்கிறது. கூரை ஒழுகி, சுவர் ஊறி, தரையில் ஓதம் ஏறி, துவைத்த போர்வை நாலு நாள் ஆகியும் காயாமல் கிடக்கும்போது 20 டிகிரியே போதும், நடுங்க வைக்க. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே கணக்குதான். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பானைக்கு நல்லது, பாட்டிக்கு நல்லதல்ல.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அடைமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில்தான் டெல்டா வீடுகளில் கையில் காசு இருக்காது. சம்பா நடவுக்குச் செலவு செய்தாகிவிட்டது, அறுவடை தை மாதத்தில். தீபாவளிச் செலவு நடுவில் வந்துவிடும். விவசாயக் கூலி வேலை செய்பவர்களுக்கு மழை நாளில் வேலையும் இல்லை. 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் நம்பிக்கை வார்த்தை இல்லை, வரவு-செலவுக் கணக்கு. அதனால் இருக்கிற கொஞ்சப் பணத்தை எதற்கு முதலில் செலவு செய்வது என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவர்கள் கடைத்தெருவில் தொங்கும் கம்பளியில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் தலைக்கு மேலே இருக்கிறது.

விளக்கை அணைத்துவிட்டு மேலே பாருங்கள்

'புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்' என்பார்கள். பொன் உருகக் காயும் அந்த நாள்களில் ஒன்று போதும்.

ஓட்டு வீடு என்றால், நல்ல வெயில் அடிக்கும் மதியம் 12 மணிக்குக் கதவு, ஜன்னலை எல்லாம் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். எங்கெல்லாம் காசு அளவுக்கு வெளிச்சம் விழுகிறதோ, அங்கெல்லாம் ஐப்பசியில் தண்ணீர் விழும். பூனையும் அணிலும் குரங்கும் ஓடி ஓடி ஓட்டை நகர்த்தி வைத்திருக்கும். வெளிச்சம் விழும் இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். ஆள் வந்து பார்க்கும்போது தேட வேண்டியிருக்காது, கூலி நேரமும் மிச்சம்.

சீமை ஓடு சற்றே விலகியிருந்தால், உள்ளே இருந்தே கம்பால் மெல்லத் தள்ளிச் சேர்த்துவிடலாம். நாட்டு ஓடு அப்படி இல்லை. பிரித்து, குப்பையைத் தட்டி, மறுபடி அடுக்க வேண்டும். அதற்குத் தெரிந்த ஆள்தான் ஏற வேண்டும். பாசி பிடித்த ஓட்டின் மேல் வீட்டுக்காரரே ஏறி, கூலியை மிச்சம் பிடிக்கிறேன் என்று இடுப்பை ஒடித்துக்கொள்வது சிக்கனத்தில் சேராது. உடைந்த ஓட்டுக்குப் புதிது வாங்குவதைவிட, பழைய வீடு இடிக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து ஓடு கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய ஓட்டோடு பழைய ஓடுதான் அளவில் பொருந்தும்.

முற்றம் வைத்த வீடு என்றால் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய்தான் முதல் எதிரி. வேப்பிலையும் தென்னம்பூவும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வழிய இடமில்லாமல் உள்பக்கம் திரும்பும். ஒரு விளக்குமாறு போதும், செலவு பூஜ்யம்.

தளம் போட்ட வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்க முடியாது. மொட்டை மாடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையைச் சுத்தம் செய்துவிட்டு, சந்தேகப்படும் இடத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணியால் அணை கட்டி அரை மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். கீழே கறை தெரிந்தால் விரிசல் இருக்கிறது. அந்தக் காலத்தில் தட்டோடு பதித்த தளங்களுக்குச் சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசினார்கள். இன்று சிமென்ட் பாலில் நீர்த்தடுப்புத் திரவம் கலந்து பூசுகிறோம். எதுவானாலும் விரிசல் காய்ந்திருக்கும்போது பூசினால்தான் பிடிக்கும். மழை ஆரம்பித்த பிறகு பூசுவது காசைக் கரைத்து ஊற்றுவதுதான்.

கீற்றுக் கொட்டகையில் இருப்பவர்களுக்குத்தான் செலவு அதிகம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கீற்றுக்குப் பஞ்சமே இருந்ததில்லை, 2018 நவம்பர் 16 வரை. அன்று அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்த 'கஜா' புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. கூரை போனவர்களுக்கு மறுபடி வேயக் கீற்று கொடுக்க வேண்டிய மரமே படுத்துவிட்டது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தார்ப்பாய்க்கு ஊர் ஊராக அலைந்ததை அந்தப் பகுதிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. தார்ப்பாய் வாங்குவதென்றால் வானிலை அறிவிப்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள் என்று அவர்கள் சொல்வது அதனால்தான். புயல் எச்சரிக்கை வந்த மறுநிமிடம் விலையும் ஏறும், சரக்கும் தீரும்.

தார்ப்பாய்க்கும் வழியில்லையா? நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பொருள் இருக்கிறது, பழைய பிளெக்ஸ் பேனர்! காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று வாரத்துக்கு ஒன்று கட்டி, மறுநாளே அவிழ்க்கிறார்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அச்சடித்த பக்கத்தைக் கீழே வைத்து, இரண்டு அடுக்காக விரித்து, அதன் மேல் கீற்றை வேய்ந்தால் வெயிலில் சீக்கிரம் வெடிக்காது, காற்றிலும் எழும்பாது. இரவில் அண்ணாந்து படுத்தால் யார் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் கலந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

குடிசையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்கலாம். 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித்தரும் இலக்கோடு 2024-ல் தமிழக அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. வீடு ஒன்றுக்கு ரூ.3.5 லட்சம். உங்கள் ஊரின் இப்போதைய நிலவரத்தை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாடை எந்தப் பக்கம்?

வடக்கிலிருந்து வருவதால்தான் அதற்கு வாடை என்று பெயர். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதிச் செலவு குறையும். நாலு பக்கமும் அடைக்கத் தேவையில்லை. சாரல் அடிப்பது பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும்தான். திண்ணையின் அந்த இரண்டு பக்கத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினால் சுவர் நனையாது. தெற்கும் மேற்கும் திறந்தே இருக்கட்டும். வெளிச்சமும் வரும், உள்ளே இருக்கும் ஈரமும் வெளியேறும். குளிர் என்று நாலு புறமும் இறுக அடைத்த வீட்டில்தான் சுவரில் பூஞ்சை பூக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் தட்டியை அவிழ்த்து உள்ளே வைத்துவிடுங்கள். புயலின் மையம் கடந்ததும் காற்று திசை மாறி அடிக்கும், தட்டி பறந்து யார் மேலாவது விழும்.

கதவடி இடைவெளிக்குக் கடையில் ரப்பர் பட்டை விற்கிறார்கள். பழைய பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, மணலை நிரப்பி, இரண்டு முனையையும் கட்டிக் கதவோரம் போட்டாலே போதும். காற்றுக்கும் சாரலுக்கும் தடை. பூரானுக்கும்தான். பூரானைவிட முக்கியமான ஒரு விருந்தாளியைப் பற்றி அடுத்து.

தரையில் படுப்பவர்கள் கவனிக்க

வயலில் தண்ணீர் நின்றால் வரப்பில் இருக்கும் எலி வளைகள் மூழ்கும். எலி மேடு தேடி வீட்டுக்கு வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். கண்ணாடி விரியன் பெரும்பாலும் வயலில், வரப்பில் கடிக்கும். கட்டுவிரியன் அப்படி அல்ல, இரவில் வீட்டுக்குள் நுழைந்து தரையில் தூங்குபவரைக் கடிக்கும். பல நேரம் வலிக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தொங்குவது, பேச்சு குழறுவது, மூச்சுத்திணறல் என்று தெரியவரும். வாயுப்பிடிப்பு என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் உயிர் போய்விடும். இந்த அறிகுறி தெரிந்தால் கீறுவது, கட்டுவது, வேர் அரைப்பது எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இலவசம்.

இதைத் தடுக்கும் பொருள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கொசுவலை. கட்டில் இருந்தால் கட்டிலில். இல்லையென்றால் தரையிலேயே வலையைக் கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். கொசுவும் வராது, பாம்பும் நுழையாது, வாடையும் கொஞ்சம் குறையும். வீட்டில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், கம்பளிக்கு முன்னால் இதை வாங்கலாம். விறகு, மட்டை, வைக்கோல் போர் எல்லாம் சுவரை ஒட்டி இருந்தால் இப்போதே தள்ளி வையுங்கள். விறகைச் செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று போக விட்டால் கார்த்திகையிலும் புகையாமல் எரியும்.

படுக்கைக்கு வருவோம். தரை ஓதத்தைத் தடுக்க அடியில் தண்ணீர் புகாத ஒன்று வேண்டும். பிரித்துத் தைத்த பிளாஸ்டிக் அரிசிப் பைகள் போதும். உரச் சாக்கு வேண்டாம், எவ்வளவு துவைத்தாலும் குழந்தை படுக்கும் இடத்தில் வேண்டாம். அதன் மேல் காய்ந்த கோணிச் சாக்கு, அதன் மேல் கோரைப்பாய், அதன் மேல் ஜமுக்காளம். அந்தக் காலத்தில் பாய்க்கு அடியில் வைக்கோல் பரப்புவார்கள். கதகதப்பு நிஜம். ஆனால் வைக்கோல் ஈரம் குடித்தால் பூஞ்சை, காய்ந்திருந்தால் எலி! காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள். விரித்தபடியே விட்டால் அடிப்பக்கம் நனைந்துவிடும்.

கடைசியில்தான் போர்வை

ஒரு தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வைகள் கதகதப்பானவை. நடுவில் மாட்டிக்கொள்ளும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும், வட கர்நாடகத்தின் கவுதியும் இந்தக் கணக்கில் பிறந்தவைதான். நம் வீட்டிலும் பெட்டிக்குள் தூங்கும் நாலு பருத்திப் புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து, ஓரத்திலும் குறுக்கிலும் ஓட்டுத்தையல் போட்டால் போதும். கம்பளி மழையில் துவைத்தால் வாரக்கணக்கில் காயாது, இது ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும். நைலக்ஸ், சிந்தெடிக் வேண்டாம், பருத்திதான்.

துணி காய இடமில்லாதபோது ஒரு வழி: பிழிந்த துணியைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி இன்னொரு முறை முறுக்கினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு மின்விசிறிக்கு அடியில் கொடி. கைக்குழந்தை, முதியவர்களின் துணிக்கு முதல் இடம். பச்சிளம் குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அம்மாவின் அணைப்பு. முதியவர்கள் மார்கழி பஜனைக்குப் போகும்போது காதை மூடினால் மட்டும் போதாது, ஈரத்தலையோடு போகாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

எந்தக் காரணத்துக்காகவும் அறையை மூடிக்கொண்டு குமுட்டியில் கரி போட்டுக் குளிர்காயாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலை ஊர்களில் கரி அடுப்பை உள்ளே வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

மின்சாரம் போனால் மின்னகம் எண் 94987 94987, வெள்ளம், புயல் உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் செல்போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதி வையுங்கள். செல்போனில் சார்ஜ் இருக்காத நாளில்தான் அவை தேவைப்படும்.

தை வந்ததும் போகிக்குப் பழையதை எரிக்கிறேன் என்று தார்ப்பாயையும் பேனரையும் நெருப்பில் போட்டுவிடாதீர்கள், அந்தப் புகை விஷம். கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மடித்து, எலி எட்டாதபடி பரணில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த புரட்டாசிக்கு அதே பொருள் கைகொடுக்கும். கொசுவலையில் கிழிசல் இருந்தால் அன்றைக்கே தைத்து வைத்துவிடுங்கள்.