சீனப்பள்ளிப் பிள்ளைகளும் ஆங்கில வாசிப்பும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது பேராவில் ஒரு சீனத் தனியார் இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பதினாறு வயது. "சார், ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொல்றாங்க. பத்தியில என்ன சொல்லியிருக்குன்னு கேட்டா முழிக்கிறாங்க" என்றாள். இன்னொரு சேதியும் சொன்னாள். வாரத்தில் ஒரு பாடவேளை பிள்ளைகளை நூலகத்தில் சும்மா வாசிக்க விட்டிருந்தாளாம். அதை நிறுத்திவிட்டு பழைய தேர்வுத்தாள்களைச் செய்ய வைக்கும்படி மேலே இருப்பவர்கள் சொல்கிறார்களாம். என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அந்தப் பாடவேளையை விட்டுக்கொடுக்காதே என்றேன். காரணம் முழுவதையும் போனில் சொல்ல முடியவில்லை. நம் சொந்தத்திலேயே இப்போது மூன்று நான்கு பிள்ளைகள் சீனப்பள்ளியில் படிப்பதால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு விளக்கம். இவை சீனச் சமூகம் நன்கொடை திரட்டி நடத்தும் பள்ளிகள். மலேசியாவில் 60க்கு மேல் இருக்கின்றன. ஆறு ஆண்டுப் படிப்பு, பெரும்பாலும் மாண்டரினில் பாடம். முடிவில் 1975 முதல் நடந்துவரும் யூ.இ.சி. தேர்வு. பலர் எஸ்.பி.எம். தேர்வும் எழுதுகிறார்கள். அதன் பிறகு தைவான் போகிறவனுக்கு மொழிப் பிரச்சினை இல்லை. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போகிறவனுக்கு முதல் வாரமே நாற்பது பக்க ஆங்கில அத்தியாயத்தைக் கையில் கொடுத்து அடுத்த வாரம் பேசலாம் என்பார்கள். நான்கு விடைகளில் ஒன்றுக்கு வட்டம் போட்டுப் பழகியவன் அங்கே என்ன செய்வான்? கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த முதல் ஆண்டில் வீட்டுக்குக் கூடச் சொல்லாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் 31 ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அதில் பாதிக்கு மேல் புகுமுக வகுப்பு. உங்களில் பலர் அங்கே என்னிடம் இருந்தவர்கள்தான். ஒரு வரிசை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், மூன்று வரிசை சீனப்பள்ளிப் பிள்ளைகள். அந்த இரண்டு கூட்டத்துக்கும் பாடம் நடத்தியதில் நான் கண்டது இதுதான். சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்பில் இடிப்பது பெரும்பாலும் சொல் அல்ல, வாக்கியம். நம் பள்ளிகளோ அவர்கள் கையில் மேலும் மேலும் சொற்பட்டியலைத்தான் கொடுக்கின்றன.

ஓர் உதாரணம். "தி ஷாப்கீப்பர்ஸ் அஃபெக்டட் பை தி ஃப்ளட் ரெஃப்யூஸ்ட் தி லோன் ஆஃபர்ட் பை தி பேங்க்." இதில் கடினமான சொல் ஒன்றும் இல்லை. படித்த சீனப் பிள்ளையிடம் கதை கேட்டால், வெள்ளம் வந்தது, வங்கி கடன் கொடுத்தது, கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்பான். "ரெஃப்யூஸ்ட்" என்றால் என்ன என்று கேளுங்கள், உடனே மறுத்தார்கள் என்று சரியாகச் சொல்வான். சொல் தெரியும், ஆனால் அந்த வாக்கியத்தில் யார் எதைச் செய்தார்கள் என்பது தெரியாது. தெரிந்த சொற்களைக் கூட்டி உலக வழக்கப்படி ஒரு கதையை அவனே கட்டிக்கொள்கிறான். வெள்ளத்தில் நஷ்டப்பட்டவன் கடனை வேண்டாம் என்பானா?

ஏன் இப்படி? தமிழில் "நேற்று வந்த பையன்" என்கிறோம். மாண்டரினிலும் இதே வரிசைதான்: "ஸுவோதியென் லாய் த நான்ஹாய்". நேற்று, வந்த, பையன். நடுவில் இருக்கும் அந்தச் சின்ன "த"தான் நம் பெயரெச்சம் செய்யும் வேலையைச் செய்கிறது. இரண்டு மொழியிலும் வருணனை முன்னால், ஆள் பின்னால். ஆங்கிலத்தில் தலைகீழ். பையன் முதலில் வந்துவிடுகிறான், அவனைப் பற்றிய சங்கதி பின்னாலேயே நீண்டுகொண்டு போகிறது. "ஹூ", "விச்" என்ற சொல் இருந்தாலாவது ஒரு கைகாட்டி இருக்கும். மேலே சொன்ன வாக்கியத்தில் அதுவும் இல்லை. "அஃபெக்டட்" என்பதைப் பார்த்ததும் அதுதான் வினை என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறான்.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு விதத்தில் வசதி இருந்தது. தமிழில் வினை கடைசியில் வரும். அதனால் ஆங்கிலம் வேறு மாதிரி என்று முதல் நாளே புரிந்துவிடும், எச்சரிக்கையாக இருப்பார்கள். சீனப் பிள்ளைக்கு அப்படி இல்லை. "நான் சாப்பிடு சோறு" என்ற வரிசைதான் மாண்டரினிலும். சின்ன வாக்கியங்கள் இரண்டு மொழியிலும் ஒன்றுபோலவே இருப்பதால் ஆண்டு 6 வரை சுகமாகப் போகும். இடைநிலைப்பள்ளியில் வாக்கியம் நீளும்போதுதான் காலை வாரிவிடும். அப்போது பெற்றோர், "தொடக்கப்பள்ளியில் நன்றாகத்தானே படித்தான், இப்போது சோம்பேறி ஆகிவிட்டான்" என்பார்கள். பாவம் அந்தப் பிள்ளை.

நான் வகுப்பில் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் எது எச்சம், எது முற்று என்று கேட்பேன். "அஃபெக்டட்" எச்சம், "ரெஃப்யூஸ்ட்" முற்று, சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சீனப் பிள்ளைகளிடம் "இந்தத் துண்டை உங்கள் மொழியில் சொல், கடைசியில் த போட முடிகிறதா பார்" என்பேன். த போட முடிந்தால் அது வருணனை. அதை அடைப்புக்குறிக்குள் போடு, மிச்சம் இருப்பதைப் படி. கடைக்காரர்கள் கடனை மறுத்தார்கள். அவ்வளவுதான். இதற்கு எனக்கு மாண்டரின் பாண்டித்தியம் தேவைப்படவில்லை. என் கேண்டனீஸ் ஈப்போ சந்தையில் மீன் விலை கேட்கும் அளவு. மாண்டரின் என் மாணவர்களிடமே பொறுக்கியது, என் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் சிரித்தது தனிக் கதை.

இன்னொன்று காலம். மாண்டரினில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. நேற்று, நாளை, ஏற்கெனவே என்ற சொற்களும் "லெ" போன்ற சிறு துணைகளும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் ஆங்கில வினையின் வாலைப் பார்க்கும் பழக்கம் அவர்கள் கண்ணுக்கு இல்லை. நான் வீட்டுக்கு வந்தபோது தம்பி கிளம்பினான் என்பதற்கும், கிளம்பிவிட்டிருந்தான் என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு "ஹாட்"தான் வித்தியாசம். அண்ணனும் தம்பியும் சந்தித்தார்களா இல்லையா என்பதே அதில்தான் இருக்கிறது. இலக்கணப் பயிற்சியில் கோடிட்ட இடத்தில் "ஹாட்" எழுதச் சொன்னால் சரியாக எழுதுவார்கள். கதையில் வந்தால் கண் தாண்டிப் போய்விடும். ஆகவே இலக்கணக் கேள்வி கேட்காமல், "தம்பியைப் பார்த்தானா இல்லையா?" என்று கேளுங்கள்.

"ஆல்தோ" என்ற சொல்லும் அப்படித்தான். மாண்டரினில் "ஸுய்ரான்" என்று தொடங்கினால் "தான்ஷி" என்று ஒரு "ஆனால்" பின்னால் வருவது வழக்கம். ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றுதான் வரும். பழகிய "ஆனால்" வராததால், கருத்து எந்த இடத்தில் திரும்பியது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. "இட்", "திஸ்", "தே" போன்ற சுட்டுப்பெயர்கள் தரும் தொல்லை இன்னும் பெரிது. 2021 முதல் வந்திருக்கும் எஸ்.பி.எம். ஆங்கில வாசிப்புத் தாளில் பத்தியிலிருந்து ஆறு வாக்கியங்களை உருவிவிட்டு, எது எங்கே பொருந்தும் என்று கேட்கும் பகுதி இருக்கிறது. "திஸ்" எதைச் சுட்டுகிறது என்று தெரியாதவன் அதில் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியதுதான்.

இங்கேதான் டியூஷன் உத்தி வருகிறது. முதலில் கேள்வியைப் படி, முக்கியச் சொல்லைப் பிடி, அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு, பக்கத்தில் இருப்பதை எழுது. இது சுத்தமாக வீண் என்று சொல்ல மாட்டேன். நேரம் போதாத தேர்வில் கை கொடுக்கும். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் சொல்லிக்கொடுங்கள், நானும் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் நான்கு ஆண்டுகள் இதையே செய்தால் பிள்ளை வாசிக்கக் கற்கவில்லை, தேடக் கற்கிறான். கேள்வி தயாரிப்பவருக்கும் இந்த உத்தி தெரியும். பத்தியில் உள்ள அதே சொல்லைத் தவறான விடையில்தான் வைப்பார்.

சரி, நூலகப் பாடவேளைக்கு வருகிறேன். ஹூ என்பவரும் நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க, அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 சொல் கொண்ட ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஆறுதான் இருக்கலாம். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் பயிற்சித்தாளில் ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது சொற்களின் தலைமேல் பென்சிலில் சீன எழுத்து ஏறியிருக்கும். அந்தப் பக்கத்தை அவன் ஆங்கிலத்தில் படிக்கவில்லை. பென்சில் எழுத்தைத்தான் படிக்கிறான், அதுவும் ஆங்கில வரிசையில் கிடக்கும் சீனத்தை. புரியாமல் போவதில் என்ன ஆச்சரியம்?

எளிய புத்தகம் கொடுத்தால் "இது சின்னப் பிள்ளை புத்தகம்" என்று பெற்றோருக்குக் கோபம் வரும். வரட்டும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1920களிலேயே வங்காளப் பிள்ளைகளுக்காகச் சொற்களை எண்ணி எண்ணி எளிய வாசிப்பு நூல்களைத் தயாரித்தார். படிநிலைக் கதைப் புத்தகம் என்று இன்று கடையில் விற்பவற்றுக்கு அவர் ஒரு முன்னோடி. பிறகு 1980 வாக்கில் ஃபிஜித் தீவுகளில் எல்லி, மங்குபாய் என்ற இருவர் கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே படித்தவர்களில் நம் இந்தியப் பிள்ளைகளும் இருந்தார்கள். எட்டு மாதத்தில் வாசிப்பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு முன்னேற்றம். அவர்கள் சின்னப் பிள்ளைகள், சரி. ஆனால் புகுமுக வகுப்பில் புத்தகப் பெட்டி வைத்து நான் பார்த்ததும் இதே திசையில்தான் இருந்தது. நீண்ட வாக்கியம் கண்ணுக்குப் பழகுவது நூறாவது முறை பார்க்கும்போதுதான். தேர்வுத்தாளில் அந்த வாக்கியம் பத்து முறை வரும். கதைப் புத்தகத்தில் ஒரே வாரத்தில் நூறு முறை வரும்.

சீனப் பிள்ளைகளுக்கு வேண்டிய மூலதனம் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சீன எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. எங்கே வெட்ட வேண்டும் என்று கண்ணாலேயே முடிவு செய்து படிக்கிற பிள்ளைகள் அவர்கள். அதே வெட்டை ஆங்கிலத்தில் சொற்றொடர் சொற்றொடராகப் போடச் சொல்லுங்கள், அருமையாகச் செய்வார்கள். கணினி அவர்களுக்கு "மின்சார மூளை", ரயில் "தீ வண்டி", கிட்டத்தட்ட நம் புகைவண்டி. சொல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பொருள் காணும் பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது. "டெலி", "கிராஃப்", "அன்" போன்ற உறுப்புகளைச் சொல்லிக்கொடுத்தால் பத்துச் சொல்லுக்குச் சொல்லும் நேரத்தில் ஐம்பது சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி இந்தத் திறமையை வீணடிக்கிறோம்.

ஆங்கில வகுப்பில் சீனம் பேசினால் இருபது காசு அபராதம் என்று ஒரு பள்ளியில் வைத்திருந்தார்கள். உண்டியல் நிறைந்தது, வகுப்பு ஊமையானது. ஆங்கிலத்தில் படிக்கட்டும், அந்தக் கடைக்காரன் ஏன் கடனை மறுத்தான் என்று மாண்டரினில் சண்டை போடட்டும். சண்டையில் ஜெயிக்க வேண்டுமென்றால் மறுபடி பத்திக்குத்தான் திரும்பி வர வேண்டும், எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதுதான் வாசிப்பு.

கைப்பேசியைப் பக்கத்தின் மேல் பிடித்தால் முழுவதும் சீனத்தில் வந்துவிடுகிறதே, இனி இதெல்லாம் எதற்கு என்று என் தங்கை மகன் கேட்டான். மருந்துச் சீட்டுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அது போதும் தம்பி. வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் "அன்லெஸ்" என்ற சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை நீயே படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

பாடவேளையை நிறுத்தச் சொல்பவர்களிடம் என் மாணவி என்ன பேசலாம் என்பதையும் யோசித்தேன். ஒரு பருவம் மட்டும் கேள். தொடக்கத்தில் ஒரு பத்தி கொடு, கேள்வியே இல்லாமல் படித்ததை மாண்டரினில் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பதிவு செய். பருவ முடிவில் அதே கனமுள்ள வேறு பத்தி. இரண்டு பதிவையும் அவர்களையே கேட்கச் சொல். மாண்டரின் தெரிந்தவர்கள், கேட்டாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

என் வீட்டு மாடியில் இரண்டு பெட்டி நிறையப் படிநிலைக் கதைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஓய்வு பெற்றபோது எடுத்து வந்தவை, என் சொந்தக் காசில் வாங்கியவைதான், பயப்பட வேண்டாம். சிலவற்றை மட்டும் கரையான் தின்றுவிட்டது. ஒரு பெட்டி அவளுக்கு என்று சொல்லிவிட்டேன். இன்னொரு பெட்டி சீனப்பள்ளியில் பிள்ளை படிக்கும் சொந்தங்களுக்கு. சனிக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். வருவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள், உங்கள் அத்தை தோசைக்கு மாவு ஆட்டி வைக்க வேண்டும்.