காலுறையில் ஒரு முடிச்சு

சகோதரிகளே, ஒரு காலுறை முடிந்துவிட்டது. மற்றையதில் குதிகாலும் திரும்பிவிட்டது என்று சென்ற கிழமை பெருமையோடு எழுதியிருந்தேன். அந்தப் பெருமையை இக்கிழமை சற்றுக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது.

கண்டி நகர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவின் கடுங்குளிர் இங்கே இல்லை. ஆயினும், மழை ஓய்ந்த இரவுகளில் ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் ஈரக்காற்று, பல்லாண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த என் மாமியாரின் பாதங்களுக்குத் தாங்கவில்லை. இக்காலுறைகள் அவருக்காகவே.

பாதப் பகுதியைப் பின்னுகையில் நூற்பந்து தீர்ந்தது. புதிய நூலை முடிச்சிட்டு விரைந்து பின்னினேன். விரற்பகுதியை நெருங்கியபோது, உள்ளங்காலுக்கு நேராக மிளகளவு முடிச்சு கையில் தட்டியது. மாமியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"ஒன்றும் உறுத்தவில்லை, பிள்ளை" என்றார்.

அச்சொல்லே என்னைத் திடுக்கிடச் செய்தது. அவருக்கு நெடுநாளைய நீரிழிவு. அந்நோய் முற்றினால் பாத நரம்புகள் உணர்ச்சி குன்றும். செருப்பினுள் கிடக்கும் கல்லும் தெரியாது. தெரியாமலே உண்டாகும் சிறு புண் எளிதில் ஆறாது. கவனியாது விட்டால் காலுக்கே கேடாக முடியலாம். உறுத்தாத முடிச்சே அவருக்கு அபாயமான முடிச்சு. ஆகவே 28 சுற்றுகளையும் அவிழ்த்தேன்.

"இத்தனை நாள் உழைப்பாயிற்றே!" என்று அவர் வருந்தினார்.

"நூல் கையில்தானே இருக்கிறது, மாமி" என்றேன்.

முதியோருக்குக் காலுறை பின்னும் சகோதரிகள் இவற்றை மனத்திற் கொள்க. நூலை முடிச்சிட்டு இணைக்க வேண்டாம். பழைய நுனியையும் புதிய நுனியையும் சேர்த்துப் பிடித்து ஏழெட்டுக் கண்ணிகள் பின்னினாலே போதும்; அவ்விணைப்பு பாதத்தின் மேற்புறத்தில் அமையட்டும். பாதம் மாலையில் சற்று வீங்கும் ஆதலால் அளவை அப்போதே எடுக்க வேண்டும். மேல்வாய் காலை இறுக்கலாகாது. இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து முதற் கண்ணிகளை ஏற்றினால் தளர்வு கிடைக்கும். முடிந்தபின் உட்புறத்தை வெளியே திருப்பி விரலால் தடவிப் பாருங்கள்.

என் மகள் பின்னும் மப்ளரும் வளர்ந்து வருகிறது. நீளத்தில் மட்டுமன்று, அகலத்திலும்! 40 கண்ணிகளில் தொடங்கியவளிடம் இப்போது 46 உள்ளன. வரிசையின் தொடக்கத்தில் நூலை ஊசியின் மேலாக இழுத்துவிட்டால் முதற் கண்ணி இரண்டு போலத் தோன்றும். இரண்டையும் பின்னினால் எண்ணிக்கை ஏறிவிடும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுவதே இதற்கு மருந்து.

இதை அவளிடம் எவ்வாறு சொல்வதென்று தயங்கினேன். நான் காலுறையை அவிழ்ப்பதைப் பார்த்திருந்தவள், சொல்லாமலே ஊசியை உருவிவிட்டு நூலைச் சுற்றத் தொடங்கினாள்.